சராசரிக்குள் கரையும் சேரி: நகரத்தின் தரவு யாருக்காகத் திறக்கப்படுகிறது?

சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-இல் அறிவிக்கப்பட்டது. அதன் காலம் 2026-ஓடு முடிகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டத்துக்கு வேலை நடக்கிறது. எந்தச் சாலை அகலமாகும், எந்தக் கால்வாய்க் கரை காலியாகும், எங்கே மெட்ரோ நிலையம் வரும், எங்கே குப்பை கொட்டப்படும் என்பதையெல்லாம் இப்படிப்பட்ட திட்டங்கள்தான் முடிவு செய்கின்றன. நம் பிள்ளைகள் எங்கே குடியிருப்பார்கள் என்பதும் அதில்தான் இருக்கிறது.

இந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் இன்று ஒரு சொல் தவறாமல் வந்துவிடுகிறது: திறந்த தரவு. அரசிடம் இருக்கும் புள்ளிவிவரங்களையும் வரைபடங்களையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் போட்டுவிட்டால் கட்டடக் கலைஞர்கள் நல்ல கட்டடம் கட்டுவார்கள், திட்டமிடுவோர் நல்ல நகரம் அமைப்பார்கள், மக்கள் கேள்வி கேட்பார்கள் என்கிறார்கள். ஒன்றிய அரசு 2012-இலேயே தரவுப் பகிர்வுக்கான தேசியக் கொள்கையைக் கொண்டுவந்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2022-இல் ஒரு தரவுக் கொள்கையை வெளியிட்டது. 2015-இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நூறு நகரங்கள் தரவு, தரவு என்று பேசின.

தரவு திறக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை ஆயுதமாகக் கொண்டு வேலை செய்கிற யாருக்கும் இருக்க முடியாது. என் கேள்விகள் வேறு. எந்தத் தரவு திறக்கப்படுகிறது? எந்தத் தரவு எடுக்கப்படுவதே இல்லை? திறந்த பிறகு அதை முதலில் எடுத்துக்கொண்டு போவது யார்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் திறந்த தரவைக் கொண்டாடுவது, ஊர்க் கிணறு பொதுக்கிணறு என்று பலகை எழுதி வைத்துவிட்டு, அதில் யார் தண்ணீர் எடுக்க முடிகிறது என்று பார்க்காமல் இருப்பதைப் போன்றது.

வார்டு என்னும் திரை

நகரத்தில் சாதி இல்லை என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிராமத்தில் ஊர் தனி, சேரி தனி. நகரத்துக்கு வந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் பெயர்கூடத் தெரியாது என்பார்கள். கிராமத்தின் கொடுமையை அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் தோலுரித்துக் காட்டியது 1948 நவம்பரில். நகரம் சாதியின் பிடியைத் தளர்த்தும் என்ற நம்பிக்கையோடு தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் ரயிலேறினார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு நிறைவேறியது என்பதை அளந்து பார்க்க வேண்டாமா?

அளந்தவர்கள் இருக்கிறார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வார்டு வாரியான எண்களை வைத்து இந்தியாவின் ஏழு பெருநகரங்களை ஆராய்ந்த திரினா விதையத்தில், காயத்ரி சிங் இருவரும் 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொருளாதார நிலையால் மக்கள் பிரிந்து வாழ்வதைவிடச் சாதியால் பிரிந்து வாழ்வது அதிகம் என்பது அவர்கள் கண்டது. பிறகு நவீன் பாரதி, தீபக் மல்கான், அந்தலீப் ரஹ்மான் ஆகியோர் வார்டுக்கும் கீழே இறங்கினார்கள். கணக்கெடுப்பாளர் ஒருவர் வீடு வீடாகப் போகும் சிறு தொகுதி அளவில், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களைப் பார்த்தார்கள். வார்டு அளவில் கலந்திருப்பதுபோலத் தெரியும் இடங்கள், தெரு அளவுக்கு வந்ததும் பிரிந்து நிற்பது தெரியவந்தது.

2011 கணக்கெடுப்பின்போது சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46 லட்சத்துக்கும் மேல். அது 155 வார்டுகளாகக் கணக்கிடப்பட்டது. சராசரியாக ஒரு வார்டுக்கு 30 ஆயிரம் பேர். அந்த 30 ஆயிரம் பேருக்குள் தனி வீடுகள் நிறைந்த அவென்யூவும் இருக்கும், பத்தடிச் சந்துக்குள் அடைந்த குப்பமும் இருக்கும். அவென்யூவில் வீட்டுக்கு மூன்று கழிப்பறை. குப்பத்தில் ஐம்பது வீட்டுக்கு ஒன்று, அதிலும் கதவு இருக்காது. இரண்டையும் கூட்டி வகுத்தால் வருவது 'பரவாயில்லாத' வார்டு. சேரி அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகிறது.

பொதுவெளியில் கிடைக்கும் தரவு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு வார்டில் பட்டியலினத்தவர் எத்தனை பேர் என்று ஓர் அட்டவணை சொல்லும். அதே வார்டில் எத்தனை வீட்டுக்குள் குடிநீர்க் குழாய் இருக்கிறது என்று வேறோர் அட்டவணை சொல்லும். அந்த வார்டில் பட்டியலினத்தவரின் எத்தனை வீட்டுக்குள் குழாய் இருக்கிறது என்று கேட்டால், அந்த அளவில் பதில் கிடையாது. இரண்டு அட்டவணைகளும் அரசின் அதே கணினியில்தான் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம்தான் இல்லை.

சேர்த்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கும் ஆதாரம் வந்துவிட்டது. இந்தியா முழுவதும் சுமார் 15 லட்சம் சிறு குடியிருப்புத் தொகுதிகளை ஆராய்ந்து பொருளாதார அறிஞர்கள் குழு ஒன்று 2023-இல் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. இந்திய நகரங்களில் பட்டியலினத்தவரில் 17 விழுக்காட்டினர், 80 விழுக்காட்டுக்கு மேல் தங்கள் மக்களே வாழும் தொகுதிகளில் இருக்கிறார்கள். முஸ்லிம்களில் இது 26 விழுக்காடு. அப்படிப்பட்ட தொகுதிகளில் பள்ளி, மருத்துவமனை போன்ற பொது வசதிகள் குறைவு. இதில் கவனிக்க வேண்டியது, மாவட்ட அளவிலோ நகர அளவிலோ பார்த்தால் இந்தப் பாகுபாட்டின் பெரும்பகுதி தெரிவதில்லை. தெரு அளவுக்கு வந்தால்தான் தெரிகிறது. பாகுபாடு தெருவில் நடக்கிறது. நம் தரவோ மாவட்டத்தில் நின்றுகொண்டு தெருவைப் பார்க்கிறது.

ஒரு பத்தி இருந்தால் என்ன நடக்கும்

'எதற்கெடுத்தாலும் சாதியைக் கேட்கிறீர்கள்' என்று அலுத்துக்கொள்பவர்களுக்காக அமெரிக்காவிலிருந்து இரண்டு நிகழ்வுகள்.

வீட்டுக் கடன்களை எந்தப் பகுதிக்குக் கொடுத்தோம் என்பதை வங்கிகள் வெளியிட வேண்டும் என்று அமெரிக்கா 1975-இல் சட்டம் போட்டது. இன்றைய மொழியில் சொன்னால் அது திறந்த தரவுதான். பதிமூன்று ஆண்டுகள் கழித்து, 1988-இல், அட்லாண்டா நகரச் செய்தியாளர் பில் டெட்மன் அந்தத் தரவை எடுத்து, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளையும் வெள்ளையர் வாழும் பகுதிகளையும் ஒப்பிட்டார். வருமானம் ஒத்த பகுதிகளிலேயே வெள்ளையர் பகுதிகளுக்குப் பல மடங்கு கடன் போயிருந்தது தெரிந்தது. அந்தத் தொடருக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் 1989-இல் நடந்தது. கடன் கேட்டு வந்தவரின் இனம் என்ன என்பதையும் வங்கிகள் பதிந்து வெளியிட வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. அட்டவணையில் கூடுதலாக ஒரு பத்தி, அவ்வளவுதான். அதன்பிறகு 'தகுதி இல்லாததால் மறுத்தோம்' என்று மட்டும் சொல்லி எந்த வங்கியும் எளிதில் தப்ப முடியவில்லை.

இன்னொன்று ஒஹையோ மாநிலத்தின் சேன்ஸ்வில் நகருக்கு அருகே, கோல் ரன் என்ற சிறு குடியிருப்பில் நடந்தது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சுற்றிலும் வெள்ளையர் வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் வந்துவிட்டது. இவர்களுக்குச் சுமார் அரை நூற்றாண்டாக வரவில்லை. பழைய நிலக்கரிச் சுரங்கத்தால் நிலத்தடி நீர் கெட்டுப்போன இடம் அது. மழைநீரைப் பிடித்தும், வெளியிலிருந்து வண்டியில் தண்ணீர் சுமந்தும் பிழைத்தார்கள். வழக்குப் போட்டபோது அவர்கள் பக்கம் ஒரு வரைபடம் இருந்தது. குழாய் எந்த வீடு வரை போகிறது என்ற தரவின் மேல், அந்த வீட்டில் இருப்பவர் கறுப்பரா வெள்ளையரா என்பதைப் பொருத்தி வரைந்த படம். நீண்ட வாதம் தேவைப்படவில்லை, படமே பேசியது. 2008-இல் நடுவர் குழு 67 பேருக்குச் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஊர்த்தெரு வரை குழாய் வந்து, காலனிக்குள் நுழையுமிடத்தில் நின்றுவிடும் கதை நமக்குப் புதிதல்ல. நம்மிடம் ஆயிரம் கோல் ரன்கள் இருக்கின்றன. அந்த வரைபடம்தான் இல்லை.

பட்டியலில் பெயர் இருந்தால்தான் வீடு

தரவு என்றால் ஏதோ கணினிக்காரர்கள் சங்கதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சென்னையின் குடிசைப் பகுதிகளுக்கு அது கூரையைக் காக்கும் சங்கதி.

தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம் 1971-இல் வந்தது. அதன்படி ஒரு பகுதி குடிசைப் பகுதியாக முறைப்படி அறிவிக்கப்பட்டால், அங்கே அரசு அடிப்படை வசதி செய்து தர வழி உண்டு. அங்கிருப்பவர்களை உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெளியேற்றவும் முடியாது. சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகள் பட்டியலில் சேர்ந்தன. 1985-இல் மேலும் 17 சேர்ந்தன. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாகப் புதிய அறிவிப்பே இல்லை. நகரம் எத்தனையோ மடங்கு வளர்ந்தது, வந்து குடியேறியவர்கள் எத்தனையோ லட்சம். பட்டியல் மட்டும் 1985-இலேயே நின்றுவிட்டது. 2011 கணக்கெடுப்போ சென்னையின் குடிசைப் பகுதிகளில் 13 லட்சம் பேருக்கு மேல் இருப்பதாகச் சொல்கிறது. ஒரே அரசின் ஒரு கோப்பில் இருக்கும் மனிதர்கள் இன்னொரு கோப்பில் இல்லை. பட்டியலில் இல்லாதவர்கள் 'ஆக்கிரமிப்பாளர்கள்' ஆகிவிடுகிறார்கள்.

'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லும் தரவிலிருந்துதான் பிறக்கிறது. நீர்நிலையின் எல்லை இது என்று ஒரு வரைபடம் விரிக்கப்படுகிறது. கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்த வீடுகள் சிவப்புப் புள்ளிகள் ஆகின்றன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் புள்ளிகள் வேகவேகமாக அழிக்கப்பட்டன. அதே நகரத்தில் பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண்களை இறக்கிப் பறக்கும் ரயில் ஓடுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தின்று எழுந்த கட்டடங்களுக்குக் கண்ணாடி முகப்பு இருக்கிறது. இவையும் அதே வரைபடத்தில் இருக்க வேண்டியவைதான். ஏழையின் ஓலைக் கூரை புள்ளியாகிறது. மற்றவை 'வளர்ச்சி' ஆகின்றன. முழுத் தரவும் திறந்து கிடந்தால், நீரின் வழியை எத்தனை சதுர அடி யார் அடைத்தார்கள் என்று ஒரு பள்ளி மாணவிகூடக் கூட்டிச் சொல்லிவிடுவாள்.

வெளியேற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகர மையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும் தள்ளி, கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேல். அங்கு குடியமர்த்தப்பட்டவர்களில் பட்டியலினத்தவர் எத்தனை விழுக்காடு? சென்னை மாவட்ட மக்கள்தொகையில் பட்டியலினத்தவர் சுமார் 17 விழுக்காடு என்பது 2011 கணக்கு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நகரத்துக்குள் இருந்த சேரியை அரசே பெயர்த்து நகரத்துக்கு வெளியே புதிய சேரியாக நட்டதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணை வாரியமே ஆண்டுதோறும் வெளியிட வேண்டாமா? வாரியத்தின் பெயரிலிருந்து 'குடிசை மாற்று' என்ற சொல் 2021-இல் நீங்கி 'நகர்ப்புற வாழ்விட மேம்பாடு' வந்துவிட்டது. நல்ல பெயர்தான். வாழ்விடம் மேம்பட்டதா என்ற கணக்கும் அதனோடு வர வேண்டும்.

கட்டடக் கலை படிப்பவர்களுக்கு

சமூகவியல் வகுப்பில் டு பாய்ஸ் பற்றிப் படித்தேன். 1899-இல் வெளியான பிலடெல்பியா ஆய்வுக்காக அவர் ஏழாவது வார்டின் தெருக்களில் வீடு வீடாக நடந்து, யார் எங்கே எப்படி வாழ்கிறார்கள் என்று வரைபடம் போட்டார். கட்டடக் கலைக் கல்லூரிகளில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன்: வெறும் நிலத்தை மட்டும் அளக்காதீர்கள்.

கண்ணகி நகரில் தொடக்கத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லாதவை. ஐந்தாறு பேர் இருக்கும் குடும்பத்துக்கு அது. அந்த அளவை யார் எந்தத் தரவின் அடிப்படையில் முடிவு செய்தார்கள்? அங்கே வாழத் தொடங்கிய பிறகு என்ன ஆனது என்று யார் அளந்தார்கள்? எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள், பட்டணத்தில் வீட்டுவேலை செய்துவந்த எத்தனை பெண்கள் பேருந்துக்கே கூலியில் பாதி போகிறதென்று வேலையை விட்டார்கள், மின்தூக்கி மாதத்தில் எத்தனை நாள் ஓடவில்லை, எத்தனை முதியவர்கள் மேல்மாடியிலிருந்து இறங்கவே இல்லை? ஒரு கட்டடம் நன்றாக இருக்கிறதா என்பதை இந்த எண்கள்தான் சொல்லும். திறப்பு விழாப் படம் சொல்லாது.

புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடியில் 2021-இல் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். புதிதாகக் கட்டிய சுவரில் கை வைத்தால் பூச்சு உதிர்ந்தது. குடியிருந்தவர்கள் கத்தி, படம்பிடித்து ஊருக்குக் காட்டிய பிறகுதான் கட்டடத்தின் தரம் நிபுணர்களைக் கொண்டு ஆய்வு செய்யப்பட்டது. ஒவ்வொரு தளம் முடியும்போதும் எடுக்கும் தரச் சோதனை முடிவு, ஒப்பந்தக்காரர் பெயர், சிமெண்ட் கலவை விகிதம் எல்லாம் அன்றைக்கே பொதுவில் வந்திருந்தால், சுவரைத் தட்டிப் பார்க்கும் வேலை குடிவந்தவர்கள் தலையில் விழுந்திருக்காது. பணக்காரன் அடுக்குமாடி வாங்கும்போது பொறியாளரைக் கூட்டிப்போய்ப் பார்க்கிறான். நம் மக்களுக்குத் திறந்த தரவுதான் அந்தப் பொறியாளர்.

மண்ணுக்கு அடியில் இருப்பதையும் திறக்க வேண்டும். பாதாளச் சாக்கடைக் குழாய் எங்கே போகிறது, எந்த ஆண்டு போட்டது, எத்தனை அடி ஆழம், எந்த மேன்ஹோல் அடிக்கடி அடைக்கிறது, கடைசியாக இயந்திரம் எப்போது வந்தது? மலக்குழியில் மனிதரை இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது; 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இருந்தும் நம் பிள்ளைகள் குழிக்குள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். மெட்ரோ ரயில் எந்த நிமிடம் எந்த நிலையத்துக்கு வரும் என்று கைப்பேசியில் காட்டத் தெரிந்த நகரத்துக்கு, எந்தக் குழி எப்போது அடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் தெரியும். அந்தத் தரவைத் திரட்டாமல் இருப்பதற்குக் காரணம் தொழில்நுட்பக் குறை இல்லை. இறங்குவதற்கு ஒரு சாதி இருக்கிறது என்ற நிம்மதிதான்.

திறந்த கதவு வழியாக யார் நுழைகிறார்கள்

இனி, திறந்த தரவை வாழ்த்துபவர்கள் பேசாத பக்கம்.

கர்நாடகம் 2001-இல் தன் நில ஆவணங்களை 'பூமி' என்ற திட்டத்தில் கணினிக்கு மாற்றியது. வெளிப்படைத்தன்மைக்கு எடுத்துக்காட்டு என்று உலகமே பாராட்டியது. பெங்களூரைச் சுற்றிக் களஆய்வு செய்த சாலமன் பெஞ்சமின் குழுவினர் 2007-இல் வேறொன்றைச் சொன்னார்கள். ஆவணம் ஒரே இடத்தில் சுத்தமாகத் திரண்டது பெரிய நில வியாபாரிகளுக்கு வசதியானது. எந்த நிலத்தை எப்படி வளைக்கலாம் என்று கண்டுபிடிக்க உதவியது. சிறு உழவர்கள்தான் இழந்தார்கள். தரவு எல்லோருக்கும் திறந்திருந்தது. கணினியும் வக்கீலும் பணமும் இருந்தவன் முதலில் நுழைந்தான். பலமுள்ளவனை மேலும் பலப்படுத்துவதுதான் திறந்த தரவா என்று மைக்கேல் கர்ஸ்டைன் என்ற ஆய்வாளர் பிறகு கேட்டது இந்த அனுபவத்தையும் முன்வைத்துத்தான்.

நமக்கு இது பஞ்சமி நிலத்தை நினைவூட்ட வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையை அடுத்து 1892-இல் ஒதுக்கப்பட்ட நிலங்கள் அவை. பட்டியலினத்தவர் அல்லாத பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்டவை. இன்றைக்கு அந்தச் செங்கல்பட்டுச் சீமையில்தான் சென்னை வீங்கிக்கொண்டிருக்கிறது. மனைப்பிரிவு, தொழிற்பூங்கா, கல்லூரி, கேளிக்கைப் பூங்கா என்று எழும்பும் இடங்களில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர்? பட்டாவை இணையத்தில் பார்க்க முடிகிறது. இந்தப் புல எண் முன்பு பஞ்சமி நிலமாக இருந்தது என்ற வரலாற்றுக் குறிப்பை அதே பக்கத்தில் பார்க்க முடிவதில்லை. இன்றைய உரிமையாளர் பெயர் மட்டும் திறந்திருந்து, நேற்றைய பறிப்பு மூடியிருந்தால், அந்தத் திறந்த தரவு பறித்தவனுக்குக் கொடுக்கும் சான்றிதழ்தான்.

இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தெருவாரியாகச் சாதித் தரவைத் திறந்து வைத்தால், நாளை ஒரு கலவரத்தில் அதுவே பெட்ரோல் குண்டுக்கு முகவரி ஆகாதா? இது கற்பனைப் பயம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து முகாம்களில் அடைத்தபோது, அவர்கள் எந்தெந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று ராணுவத்துக்குக் காட்டியவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள். தனிமனிதர் பெயர் இல்லாத எண்களே அதற்குப் போதுமாக இருந்தன.

இந்தக் கேள்வியை நம் கூட்டங்களில் வயதானவர்கள்தான் முதலில் கேட்கிறார்கள். சரியாகவே கேட்கிறார்கள். என் பதில் இரண்டு.

ஒன்று, நம் தெரு எது என்று தாக்க வருபவனுக்கு ஏற்கெனவே தெரியும். தேர்தல் வந்தால் எந்தத் தெருவில் எந்தச் சாதி எத்தனை ஓட்டு என்று கட்சிக்காரர் விரல்நுனியில் வைத்திருக்கிறார். வீட்டுத் தரகருக்குத் தெரியும். வாடகைக்கு வீடு கேட்டால் சுற்றி வளைத்து 'எந்த ஊர், எந்தத் தெரு' என்று கேட்கும் வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரியாததுபோல இருப்பது திட்ட அறிக்கை மட்டுமே. மறைப்பதால் நம்மைக் காப்பாற்ற முடிவதில்லை, பாகுபாட்டைத்தான் காப்பாற்றுகிறோம்.

இரண்டு, எது திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதில் நமக்கு ஒரு கறாரான கோடு வேண்டும். அரசு என்ன செய்தது என்ற தரவு தெரு அளவுக்குத் திறந்திருக்கட்டும்: குழாய், கழிப்பறை, விளக்கு, பள்ளி, குப்பை வண்டி, செலவிட்ட பணம். மனிதர் யார் என்ற தரவு பூட்டியிருக்கட்டும்: பெயர், விரல்ரேகை, முகம், வீட்டு எண். இரண்டும் சந்திக்கும் இடத்தில், அதாவது எந்தச் சமூகத்துக்கு எது கிடைத்தது என்ற இடத்தில், தனி வீடு அடையாளம் தெரியாத அளவுக்குக் கூட்டிய எண்கள் வரட்டும்; அவற்றை யார் கேட்டு எடுத்தார்கள் என்பதற்கும் பதிவு இருக்கட்டும். இன்று நடப்பது நேர்த் தலைகீழ். குடிசையை இடிக்கும் முன் நம் விரல்ரேகையை எடுத்துக்கொள்கிறார்கள். இடித்ததற்கான உத்தரவின் நகலைக் கேட்டால் இழுத்தடிக்கிறார்கள். தனிநபர் தரவைக் காக்கிறோம் என்று 2023-இல் வந்த சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவில் கைவைத்து, பொதுநலனுக்காகத் தனிநபர் தகவலைக் கேட்டுப் பெற அந்தப் பிரிவில் இருந்த வழியை வெட்டிவிட்டது. பயனாளிப் பட்டியலில் ஊழல் செய்த அதிகாரியின் பெயரும் இனி 'தனிநபர் தகவல்' என்று சொல்லப்படலாம்.

எண்ணத் தொடங்குவோம்

அரசு தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மும்பை நடைபாதைவாசிகளை யாரும் கணக்கில் எடுக்காதபோது, 1985-இல் ஸ்பார்க் அமைப்பு அவர்களோடு சேர்ந்து ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 'கண்ணுக்குத் தெரியாத நாங்கள்' என்ற பொருளில் அந்த அறிக்கைக்குப் பெயர் வைத்தார்கள். நைரோபியின் கிபெரா குடியிருப்பு 2009 வரை இணைய வரைபடங்களில் ஏறக்குறைய வெற்றிடமாகத்தான் இருந்தது. அங்குள்ள இளைஞர்கள் கையில் ஜி.பி.எஸ். கருவியோடு சந்து சந்தாக நடந்து, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மருந்தகம் என்று ஒவ்வொன்றாகக் குறித்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். சென்னையிலேயே 'டிரான்ஸ்பரண்ட் சென்னை' என்ற குழு பொதுக் கழிப்பறைகளையும் குடிசைப் பகுதிகளையும் வரைபடத்தில் ஏற்றிக் காட்டியது.

நான் வேலை செய்யும் பகுதியில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறையில் இதைச் சிறிய அளவில் செய்தார்கள். தண்ணி லாரி எந்தத் தெருவுக்கு எந்த நேரம் வந்தது, எத்தனை குடம் பிடிக்க விட்டார்கள் என்று நோட்டில் எழுதினார்கள். அவ்வளவுதான் வேலை. இதே விவரத்தைக் கேட்டு நாங்கள் போட்ட மனுவுக்கு, 'அவ்வாறான தகவல் தொகுக்கப்படவில்லை' என்று ஒரு வரிப் பதில் வந்திருந்தது. பிள்ளைகள் தொகுத்த நோட்டை எடுத்துக்கொண்டு குறைதீர்ப்பு நாளுக்குப் போனோம். 'லாரி தினமும் வருகிறது' என்று சொன்ன அதிகாரியிடம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வராத தேதிகளை வரிசையாக வாசித்தாள். அந்த அறையில் அன்றைக்கு யாரும் அவளை 'சும்மா புகார் சொல்றாங்க' என்று சொல்ல முடியவில்லை. லாரி எல்லா நாளும் ஒழுங்காக வரத் தொடங்கிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சு மாறியது. கெஞ்சுவது நின்று, கணக்குக் கேட்பது தொடங்கியது.

அதனால் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கு அடிப்படையான எல்லா வரைபடமும் கணக்கும், வரைவு முடிவாவதற்கு முன்பே, தமிழில், பொதுமக்கள் பயன்படுத்தும் வடிவத்தில் வெளிவர வேண்டும். ஸ்கேன் செய்த மங்கலான பக்கங்களாக வேண்டாம்.

2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு ஒப்புக்கொண்ட சாதிவாரிக் கணக்கெடுப்பு வரப்போகிறது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் சாதி விவரங்களைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியதுபோல இதையும் பூட்டக் கூடாது. வீட்டு வசதி, தண்ணீர், கழிப்பறை அட்டவணைகளைச் சாதியோடு சேர்த்து, வார்டுக்கும் கீழே உள்ள அளவில், மேலே சொன்ன பாதுகாப்புகளோடு தர வேண்டும்.

1985-இல் நின்ற குடிசைப் பகுதிப் பட்டியல் புதுப்பிக்கப்பட வேண்டும். மீள்குடியேற்றக் குடியிருப்புகளின் நிலை குறித்து ஆண்டறிக்கை வேண்டும். பஞ்சமி நிலங்களின் புல எண் பட்டியல், இன்றைய நிலையோடு, நில ஆவண இணையதளத்திலேயே வர வேண்டும். ஒவ்வொரு மலக்குழி மரணமும், இடம், தேதி, வேலை கொடுத்தவர், வழக்கின் நிலை ஆகியவற்றோடு பொதுப்பதிவில் ஏற வேண்டும்.

இவற்றைப் படிக்கவும் கேள்வி கேட்கவும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி வேண்டும். பல சேரிகளில் அம்பேத்கர் படிப்பகம் இருக்கிறது. அங்கே போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அந்த வார்டின் வரைபடம் ஒன்று சுவரில் மாட்டியிருக்கட்டும். குழாய் எங்கே நிற்கிறது என்று அதில் நம் பிள்ளைகளே குறிக்கட்டும்.

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளிவரும்போது ஆட்சேபணை தெரிவிக்கச் சில வாரங்கள்தான் கிடைக்கும். அன்றைக்குப் போய் 'எங்களுக்கு அநியாயம் நடக்கிறது' என்று மட்டும் சொன்னால் மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எத்தனை வீடு, எத்தனை குழாய், எத்தனை அடி தூரம் என்ற கணக்கோடு போக வேண்டும். அந்தக் கணக்கை எழுதும் வேலையை இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் தெருவில் தொடங்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

ஜெய் பீம்.